மூச்சைக் கவனித்த மருத்துவர் எட்வர்ட் லாரி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

எங்கள் வேப்பூர்ப் பக்கத்தில் அறுவைச் சிகிச்சை என்றால், கத்திக்கு அஞ்சுவோரைவிட மயக்க மருந்துக்கு அஞ்சுவோரே அதிகம். மயங்கியவர் மீண்டும் கண் விழிப்பாரா என்பதே அவர்களது கவலை. இந்தக் கவலைக்கு விடை தேடி நம் நாட்டிலேயே பெரும் ஆய்வு நடத்தியவர் எட்வர்ட் லாரி.

1846-இல் பிறந்த லாரி, எடின்பரோ நகரில் அறுவை மருத்துவர் சைமிடம் பயின்றவர். அந்நகரில்தான் 1847-இல் சிம்சன் குளோரோஃபார்மை மயக்க மருந்தாக அறிமுகம் செய்தார். மறு ஆண்டே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி அம்மருந்தின் மயக்கத்தில் உயிரிழந்தாள். அதன்பின் மருத்துவர்கள் இரு கட்சியாயினர். மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர் எடின்பரோவினர். நாடியைக் கவனிக்க வேண்டும் என்றனர் லண்டன் மருத்துவர்கள்.

ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய லாரி, 1888-இல் நூற்றுக்கு மேற்பட்ட நாய்களைக் கொண்டு சோதனை நடத்தினார். லண்டனின் 'லான்செட்' இதழ் அதன் முடிவை ஏற்கவில்லை. உடனே நிஜாம் மகபூப் அலி கான் 1,000 பவுன் வழங்கினார். 1889-இல் லாடர் பிரண்டன் என்னும் அறிஞர் வந்து சேர்ந்தார். நாய், குரங்கு முதலாக 490 விலங்குகள் சோதிக்கப்பட்டன.

விலங்குகளின் இரத்த அழுத்தம், நம் ஆய்வகத்தில் உள்ளது போன்ற கைமோகிராஃப் உருளையில் பதிவாயிற்று. மூச்சு முதலில் நின்றது. இதயம் சற்று நேரம் துடித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் செயற்கை சுவாசம் கொடுத்தால் நாய் பிழைத்தது, தாமதித்தால் மாண்டது. 1667-இலேயே இராபர்ட் ஹூக், மார்பு திறந்த நாயைத் துருத்தியால் காற்றூதி உயிரோடு வைத்திருந்தார். மயக்கத்தில் நின்றுபோன மூச்சையும் அவ்வாறு மீட்கலாம் என்பதற்கு ஐதராபாத் ஆய்வு வலுச் சேர்த்தது.

ஆனால் லாரி அத்துடன் நிற்கவில்லை. மூச்சைக் கவனித்தால் குளோரோஃபார்மால் ஆபத்தே இல்லை என்றும், சாவு நேர்ந்தால் அது மருந்து கொடுத்தவரின் பிழையே என்றும் வாதாடினார். 1911-இல் லெவி என்பவர் பூனைகளில் செய்த ஆய்வு அதை மறுத்தது. இலேசான மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுவிடலாம் என அவர் காட்டினார். லாரி 1915-இல் மறைந்தார்.

என் அத்தை ஒருவர் இந்த அச்சத்தாலேயே இரண்டு ஆண்டுகள் அறுவையைத் தள்ளிப்போட்டார். பள்ளி வாசலை மிதியாத அவருக்கு, இன்று மூச்சு, நாடி இரண்டையுமே கருவிகள் இடைவிடாது கவனிக்கின்றன என்று விளக்கினேன். நுரையீரலுக்குள் செலுத்தும் காற்றுக்கும் அளவு உண்டு. மனிதருக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் வரை. மிஞ்சினால் நுரையீரலே புண்படும் என்றும் சொன்னேன். பிறகுதான் அவர் சம்மதித்தார்.

லாரி கண்டது பாதி உண்மை. அதையே முழு உண்மை என்று நம்பியது அவரது குறை. ஆயினும் அந்தப் பாதிக்காக உயிர் கொடுத்த வாயில்லா ஜீவன்களை அறிவியல் பயிலும் நாம் மறத்தலாகாது.