நெட்டி ஸ்டீவன்ஸ்

பிறக்கும் குழந்தை ஆணா, பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது? மனிதன் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வினா இது. தாய் உண்ணும் உணவே காரணம் என்றனர் சிலர். வெப்பமும் குளிர்ச்சியுமே காரணம் என்றனர் வேறு சிலர். விடை தெரியாத அக்காலத்தில், பெண்மகவைப் பெற்ற தாய்மார் பலர் பழிச்சொல்லுக்கு ஆளாயினர். இவ்வினாவிற்கு நுண்ணோக்கியின் துணையால் விடை கண்டவர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

நெட்டி 1861ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்தின் கேவண்டிஷ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தச்சர். பின்னர் அக்குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்ஃபோர்டில் குடியேறியது. உயர்கல்வி பெண்களுக்கு எளிதில் எட்டாத காலம் அது. பள்ளிப் படிப்பை முடித்த நெட்டி, ஆசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். 1896ஆம் ஆண்டு, தம் 35ஆம் வயதில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். அங்கு இளங்கலை, முதுகலைப் பட்டங்களைப் பெற்றபின், பிரின் மார் கல்லூரியில் ஆய்வு செய்து 1903இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரிலும் பயின்றார்.

உயிரணுக்களின் உள்ளே நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. அவற்றை ஆராய நெட்டி தேர்ந்தெடுத்த உயிரினங்களுள் ஒன்று, தானியத்திலும் மாவிலும் வளரும் மாவுப்புழு. பெண்ணின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணின் உயிரணுவிலோ 19 பெரியவையும் 1 மிகச் சிறியதும் இருந்தன. எனவே, முட்டைகள் யாவும் 10 பெரிய குரோமோசோம்களையே பெறும். விந்தணுக்களுள் ஒரு பாதி 10 பெரியவற்றையும், மறு பாதி 9 பெரியவற்றோடு அச்சிறியதையும் பெறும். முன்னது முட்டையுடன் சேர்ந்தால் பெண்; பின்னது சேர்ந்தால் ஆண். 1905ஆம் ஆண்டு நெட்டி இம்முடிவை வெளியிட்டார். அச்சிறிய குரோமோசோமே இன்று ஒய் எனப்படுகிறது.

எல்லா உயிர்களிலும் இயற்கை ஒரே வழியைப் பின்பற்றுவதில்லை. தேனீக்களை நோக்குக. கூட்டமாக வாழ்பவையாயினும், மண்ணிலும் மரத்துளையிலும் தனித்துக் கூடு அமைப்பவையாயினும், அவற்றில் பொதுவாகக் கருவுற்ற முட்டை பெண்ணாகிறது; கருவுறாத முட்டை ஆணாகிறது. ஆகவே ஆண் தேனீக்குப் பெண்ணிடம் உள்ளவற்றுள் பாதி அளவு குரோமோசோம்களே உண்டு. இத்தகைய வேறுபாடுகள் இருப்பதால், ஓர் உயிரினத்தில் கண்டதைக்கொண்டு மட்டும் பொதுவிதி வகுத்தல் தகாது. இதனை உணர்ந்த நெட்டி, அசுவினிப் பூச்சிகள், வண்டுகள், ஈக்கள் எனப் பலவற்றையும் பொறுமையுடன் ஆராய்ந்தார்.

அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்னும் அறிஞரும் தனியே ஆய்ந்து இதனையொத்த முடிவை எட்டினார். எனினும் அறிஞர் பலர் இக்கருத்தை உடனே ஏற்கவில்லை. ஏற்ற பின்னரும் பெரும்புகழ் பிறரையே சென்றடைந்தது; நெட்டியின் பெயர் நெடுநாள் மறைந்து கிடந்தது. பிரின் மார் கல்லூரி அவருக்கென ஆய்வுப் பேராசிரியர் பதவி ஒன்றை அமைத்தது. ஆனால் அப்பதவியை ஏற்குமுன்பே, 1912ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் பால்டிமோர் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. முனைவர் பட்டம் பெற்றபின் அவருக்குக் கிட்டிய காலம் ஏறத்தாழ 9 ஆண்டுகளே.

மனிதரிலும் தாயின் முட்டை ஒருவகையே; தந்தையின் விந்தணுவே இருவகை. குழந்தை பெண்ணாகப் பிறப்பதற்குத் தாய் காரணம் அல்லள். தந்தையைப் பழிக்கவும் இடமில்லை. எவ்வகை விந்தணு முட்டையைச் சேரும் என்பது அவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பெண்மகவைப் பெற்றவளைத் தூற்றுவது அறமன்று என்பதைச் சான்றோர் உணர்த்தினர். அஃது அறிவும் அன்று என்பதை ஒரு சிறு புழுவின் உயிரணுவைக் கொண்டு உலகிற்குக் காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ். இன்றும் நம் நாட்டில் அப்பழிச்சொல் முற்றிலும் ஓயவில்லை. அது கேட்கும் இடத்தில் இவ்வுண்மையை எடுத்துரைப்பது கற்றவர் கடமையாகும்.