யாழை அளந்த அடிகள்

ஈழத்தின் கீழ்கரையிலே மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு, கண்ணகியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர். அவ்வூரிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றியவர் மயில்வாகனனார். அவரே பின்னாளில் விபுலாநந்த அடிகள் என விளங்கினார். அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றினார். இவ்விரண்டும் ஓராண்டில் நேர்ந்தமை தற்செயலே; எனினும் அந்நூலின் அரங்கேற்று காதைதான் அடிகளின் பிற்கால வாழ்வைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

அவர்தம் கல்வி இருவழிப்பட்டது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவர் 1924இல் துறவு பூண்டதும், 1931இல் அண்ணாமலையிலும் 1943இல் இலங்கையிலும் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததும் யாவரும் அறிந்தவை. ஈண்டு விரிக்க வேண்டுவது யாழைப் பற்றியதே.

பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பெயர்கள் நூல்களில் நின்றன, கருவியோ வழக்கொழிந்தது. பழைய இசைநூல்கள் பல இறந்துபட்டமையை அடியார்க்குநல்லாரே தம் உரைப்பாயிரத்தில் உரைக்கின்றார். இந்நிலையிற் புலவருட் சிலர், தாம் ஒருநாளும் கேளாத யாழிசையைக் கண்மூடிப் புகழ்ந்தனர். வேறு சிலர், அது இக்காலத்து வீணையே என்று கூறி அமைந்தனர். புகழ்ச்சி எளிது, மாற்றுப்பெயர் சூட்டுதல் அதனினும் எளிது. அடிகள் இரண்டையும் கொள்ளாது, செவிக்கு எட்டாத இசையை எண்ணாற் பற்ற முயன்றார்.

நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினாற் குரலுக்கு இளி பிறக்கும்; பாதியாக்கினால் மேற்றானத்துக் குரல் பிறக்கும். இவ்விதி இளங்கோவடிகள் காலத்திற்கும் நம் காலத்திற்கும் ஒன்றே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்தனர் முன்னோர். கூட்டினால் 22 வரும். குரலுக்கும் இளிக்கும் இடையே 13 மாத்திரை நிற்கும். ஓர் ஆசிரியர் இவ்வெண்களை மனனஞ் செய்வித்து அப்பாற் செல்வார். அடிகளோ பௌதிகம் கற்பித்த கையாலே அவற்றை நரம்பின்மீது வைத்து அளந்தார். குரலாகக் கொள்ளும் நரம்பை மாற்ற மாற்றப் பாலைகள் பிறத்தலையும் கணக்கிட்டுக் காட்டினார். உரையாசிரியர் கூற்றுக்கள் வெறுஞ் சொல்லல்ல, ஒரு காலத்திற் செவியால் ஓர்ந்து கண்டவை என்பது இவ்வாறே புலனாயிற்று.

இமயச் சாரலில் மாயாவதியிலே ஆங்கில இதழொன்றின் ஆசிரியராய் இருந்த நாளிலும் இவ்வாராய்ச்சி விட்டிலது. ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாய் விளைந்த யாழ் நூல், பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களால் ஆயது. அவற்றுட் டேவாரவியலை எம்போன்றார் மீண்டும் மீண்டும் கற்றல் தகும். யாழ் மறைந்தும் பண் முழுதும் மறைந்திலது. ஓதுவார் மிடற்றிலே அஃது எஞ்சி நின்றது. ஆயினும் இந்நூலைப் பயில்வார் சிலரே. தமிழாசிரியர் கணக்கைக் கண்டு அஞ்சுவர். இசைவாணர் தமிழைக் கண்டு அஞ்சுவர்.

அடிகளின் முடிபுகள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்றிலர். பாலைகளுக்கு இக்காலத்து மேளங்களை இணைகாட்டுவதில் இன்னும் வழக்குண்டு. அவ்வழக்கினைத் தொடுப்போரும் அவர் நூலை மேசைமீது விரித்துவைத்தே தொடுக்கின்றனர்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. திருஞானசம்பந்தர் பாடி ஓடஞ் செலுத்திய தலம் அது. அடிகளின் கணக்கின்படி சமைத்த யாழ்கள் ஆங்கே ஒலித்தன. நூலிற் கிடந்த நரம்புகளின் ஓசையை அவர் தம் செவியாலே கேட்டார். அரங்கேற்றம் தொடங்கிய நாளிலிருந்து நாற்பத்து நான்காம் நாள், ஜூலை 19இல், அவர் மறைந்தார். மட்டக்களப்பிலே, தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அவர் உடல் சமாதி வைக்கப்பெற்றது.