லிப்டன் துரையின் பாய்க்கப்பல்கள்

அப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தென்னத் தோட்டத்து முகட்டிலே, தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் நிலங்களை நோக்கிய இடத்தை என் மாணவர்க்குக் காட்டுவதுண்டு. வானம் தெளிந்தால் தென்கடலும் தெரியும்.

கிளாஸ்கோவில் எளிய குடியிற் பிறந்து, 1871-இல் சிறு கடை திறந்த அவர், 1890-இல் ஊவாத் தோட்டங்களை வாங்கினார். கொழுந்து கிள்ளியோர் கடல் கடந்து வந்த நம்மவர். அவர் பெயர்களை எந்தச் சரிதமும் குறிக்கவில்லை. கொழுந்தின் காசோ பாயாக விரிந்தது! 'சம்ரொக்' என்னும் பெயரில் ஐந்து கலங்கள் சமைத்து, 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கிண்ணத்துக்கு ஐம்முறை போட்டியிட்டார், ஐம்முறையும் தோல்வியே. 1920-இல் முதலிரு ஓட்டங்களை வென்றும், அடுத்த மூன்றையும் இழந்தார். தோற்றும் முகம் வாடாத அம்முதியவருக்கு அமெரிக்க மக்கள் பொருள் திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்று செய்தளித்தனர். அவர் 1931-இல் மறைய, செல்வத்திற் பெரும்பகுதி கிளாஸ்கோ நகருக்கே சென்றது.