மன்னனைத் தலைகுனிய வைத்த பசு

சோழ நாட்டினின்று சென்று, அநுராதபுரத்தை வென்று, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்தவன் எல்லாளன். அவன் வரலாற்றை மகாவம்சம் என்னும் இலங்கை நூல் கூறுகிறது.

மன்னன் படுக்கையருகே ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது. குறையுடையோர் எவரும் அதன் நீண்ட கயிற்றை இழுக்கலாம். ஒருநாள் மணி ஒலித்தது. இழுத்ததோ ஒரு பசு! இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் சிக்கி அதன் கன்று மாண்டிருந்தது. பகைவர்க்கு அஞ்சாத வேந்தன் வாயில்லாப் பிராணியின்முன் தலைகுனிந்தான். ஒரே மகன் என்றும் பாராது, அதே சக்கரத்தால் அவனுக்கு மரண தண்டனை விதித்தான்.

பின்னர்ப் போரில் எல்லாளன் யானையோடு வீழ்ந்தான். வென்ற துட்டகைமுனுவே அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபடச் செய்தான்.

மாணவச் செல்வங்களே! எளியோர் குரலுக்குச் செவிசாய்ப்பவரைப் பகைவரும் போற்றுவர்.