வீட்டில் வழங்கிய பெயர்

தமிழ்த்தாத்தா எனப் போற்றப்படும் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மாள். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய பெயரோ சாமிநாதன். அதுவும் குறுகிச் 'சாமா' என்றாயிற்று. இட்ட பெயர் மறைய, வீட்டுப் பெயரே உலகறிந்த பெயராக நிலைத்தது ஒரு சுவையான கதை.

அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊர் அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். அவ்வூர் தோன்றிய வரலாறே நகைப்பூட்டுவது. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி விரத நாளில் மறதியாக வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அப்பிழைக்குக் கழுவாயாக வீடுகள் கட்டி, கிணறுகள் தோண்டி, ஓர் ஊரையே தானமாக வழங்கினாராம். ஒருவாய் வெற்றிலையால் பிறந்த ஊரைப் பற்றிய இக்கதையைச் சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் புன்முறுவலோடு எழுதியிருக்கிறார்.

வேங்கடசுப்பையர் இசைவாணர், இராமாயணப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்லி, ஊரார் அளிக்கும் நெல்லையும் பொருளையும் கொண்டு குடும்பத்தைக் காத்தவர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழின்மீதே தணியாத காதல். சுற்றத்தார் வெவ்வேறு அறிவுரைகளை வழங்கினர். ஆங்கிலம் கற்றால் இவ்வுலகில் நன்றாக வாழலாம் என்றனர் சிலர். வடமொழி கற்றால் மறுமைக்கு நன்மை உண்டு என்றனர் வேறு சிலர். தமிழ் கற்றால் இவ்விரண்டும் இல்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டனர்! ஆயினும் தந்தையார் மகனின் ஆர்வத்தைத் தடுக்கவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி எனத் தமிழாசிரியர் இருக்கும் ஊர்களை நாடிக் குடும்பமே இடம் பெயர்ந்தது. பிழைப்புக்காக ஊர் மாறுவோர் பலர். ஒரு சிறுவனின் படிப்புக்காகவும் ஊர் ஊராக மாறியது அந்த எளிய குடும்பம்.

1871ஆம் ஆண்டில் தந்தையார் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்துவந்தார். அவர் உடனே இசையவில்லை. பாடம் கேட்க வருவோர் சிறிது காலத்தில் சென்றுவிடுகிறார்கள் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. மாணவனின் உணவுக்கும் வழி வேண்டுமே என்றும் எண்ணினார். உணவுச் செலவைத் தாமே ஏற்பதாக அந்த வறிய தந்தையார் உறுதி கூறினார். பிள்ளையும் மனமிசைந்தார்.

சில நாள்களுக்குப் பின், வேங்கடராமன் என்பதையன்றி வேறு பெயர் உண்டா என ஆசிரியர் வினவினார். வீட்டில் வழங்கும் பெயரை மாணவர் கூறினார். அதுவே ஆசிரியருக்கு உவப்பாயிற்று. அன்று முதல் அவர் சாமிநாதன் என்றே அழைத்தார். தாய் தந்தையர் அழைத்த பெயரை ஆசிரியரின் வாயிலும் கேட்டபோது, புதிய இடமும் வீடுபோல் ஆனது.

தந்தையாரின் இசை விருப்பம் மறைந்துவிடவில்லை. நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்திலேயே இருந்தார். சாமிநாதர் அவரிடம் இசை பயிலத் தொடங்கினார். செய்தி பிள்ளைக்குத் தெரிந்தது. இசையில் நாட்டம் மிகுந்தால் தமிழ்க்கல்வி தளரும் என்று அவர் கருதினார். ஆகவே இசைப்பாடம் நின்றது. அன்பு மிகுந்த இரு பெரியோரின் விருப்பங்களுக்கிடையே சிக்கிய மாணவர், இறுதியில் தமிழின் பக்கமே நின்றார்.

1876ஆம் ஆண்டில் பிள்ளை மறைந்தார். 1880ஆம் ஆண்டில் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். தியாகராச செட்டியார் தாம் வகித்த அப்பதவியை அவருக்குக் கிடைக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே நீதிபதி சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். கற்ற நூல்கள் எவை என முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள் என ஐயர் பெருமிதத்தோடு நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரோ அந்நூலைக் கண்டதும் இல்லை! தம் பெருமிதம் நொறுங்கிய அந்நிகழ்ச்சியை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். நூலைப் பெற்றுக் கற்றார். புரியாதவற்றைச் சமணக் குடும்பத்தாரிடம் சென்று கேட்டறிந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

அதன்பின் ஏடு தேடும் பயணங்கள் தொடர்ந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டுவிட்டனர் என்பதைக் கேட்டு அவர் உள்ளம் துடித்தது. ஆழ்வார்திருநகரியிலோ வேறுவகை அனுபவம். பத்துப்பாட்டு ஏட்டைத் தேடிப் பல வீடுகளில் அலைந்தும் பயனில்லை. இலட்சுமண கவிராயர் என்பவருக்கு அவருடைய மாமனார் வீட்டில் ஏடுகள் இருப்பது நினைவுக்கு வந்தது. மாமனாருக்கும் மருமகனுக்குமோ மனம் ஒத்துப்போகவில்லை. ஆயினும் விருந்தினருக்காக அவர் தம் மனத்தாங்கலை ஒதுக்கிவைத்து, அங்கே சென்று ஏட்டைப் பெற்றுவந்தார். நிலவொளியில் பிரித்துப் பார்த்தபோது அது பத்துப்பாட்டே என்பதை அறிந்து ஐயர் உவகை கொண்டார். 1889ஆம் ஆண்டில் அந்நூல் வெளியாயிற்று.

சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலிய நூல்களும் அவர் உழைப்பால் அச்சேறின. முதுமையில் 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதினார். அது நிறைவுறுமுன் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். உணவளித்தவர், தங்க இடம் தந்தவர், ஏடு கொடுத்தவர் எனப் பலரை அந்நூலில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் 'தியாகராச விலாசம்'. தமக்கு வேலை கிடைக்கச் செய்த செட்டியாரின் பெயரையே தம் வீட்டிற்குச் சூட்டியிருந்தார். வீட்டுப் பெயரால் உலகறிந்தவர், உதவியவர் பெயரால் தம் வீட்டை உலகறியச் செய்தார்.

பயிற்சி

1. உத்தமதானபுரம் தோன்றியது குறித்து வழங்கும் கதையை உம் சொற்களில் எழுதுக.
2. சுற்றத்தார் எவ்வெம்மொழிகளைக் கற்கச் சொன்னார்கள்? ஏன்?
3. இலட்சுமண கவிராயரின் செயலிலிருந்து நீவிர் அறிவது யாது?
4. உம்மை வீட்டில் எப்பெயரால் அழைக்கின்றனர்? அப்பெயர் வந்த கதையைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.