கூடை சுமந்த அருளம்மாள்



ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி அர்ச்சியசிஷ்ட ழான் ழுகான் என்னும் கன்னிகையின் திருநாள். பிரெஞ்சு பாஷையில் ழான் என்பது நம்மவர் அருளம்மாள் என்று வைத்துக்கொள்ளும் அதே நாமந்தான். ஏழைகளின் சின்ன சகோதரிகள் என்ற கன்னியர் சபையைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1882-ம் வருஷம் கல்கத்தாவில் வந்து இறங்கிய அச்சபையாருக்கு, நம் சென்னைப் பட்டணத்திலும் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் முதியோர் இல்லம் உண்டு. அந்தச் சபைக்கு அஸ்திவாரம் போட்ட அம்மாளின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லப்போகிறேன். வீட்டில் வயோதிகரை வைத்துப் பராமரிக்கிறவர்கள் இதை முழுவதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அவர்களுக்கு வாசிக்க நேரம் இராது என்பதும் தெரியும். ஆகையால் மற்றவர்கள் வாசித்து அவர்களுக்குச் சொல்லலாம்.

பிரான்சு தேசத்தின் வடமேற்கே பிரிட்டனி என்னும் மாகாணத்தில் கான்கால் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அவ்வூரை அடுத்த ஒரு குக்கிராமத்தில் 1792-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி ழான் பிறந்தாள். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமை உச்சத்திலிருந்த காலம் அது. குருக்கள் மறைந்து திரிந்தார்கள், கோயில்கள் பூட்டிக் கிடந்தன, ஞானோபதேசம் வீட்டுக்குள்ளே தாழ்ந்த குரலில் நடந்தது. தகப்பனார் கடலுக்குப் போகிறவர். ழானுக்கு நாலு வயது நிறையுமுன்னே அவர் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. கடற்கரைப் பங்குகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பை நான் விவரிக்க வேண்டுவதில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். சிறுமி ழான் மாடு மேய்த்தாள், கம்பளி நூல் நூற்றாள், நடந்துகொண்டே செபமாலை சொல்லப் பழகினாள்.

சுமார் பதினாறாம் வயதில் ஒரு பிரபுக் குடும்பத்துச் சீமாட்டியின் வீட்டில் சமையலறை வேலைக்குச் சேர்ந்தாள். அந்த அம்மாள் ஏழைகளையும் நோயாளிகளையும் சந்திக்கப் போகும்போதெல்லாம் இவளையும் கூட்டிக்கொண்டு போவாளாம். ஒரு மாலுமி இவளைப் பெண் கேட்டார். மறுத்தாள். சில வருஷம் கழித்து அவர் திரும்பக் கேட்டார். அப்போதும் மறுத்தாள். சர்வேசுரன் தன்னை எதற்கோ வைத்திருக்கிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அது என்னவென்று தெரிய இன்னும் இருபது வருஷங்களுக்கு மேல் சென்றன.

1817-ல் பக்கத்திலுள்ள சேன் செர்வான் என்னும் துறைமுகப் பட்டணத்துக்குப் போய், அங்குள்ள ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யலானாள். ஆறு வருஷத்தில் உடம்பு தாங்காமற்போயிற்று. பிறகு லெகோக் என்ற விவாகமாகாத ஒரு பக்தியுள்ள அம்மாள் இவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். பெயருக்கு எஜமானியும் வேலைக்காரியுந்தான். உள்ளபடி இருவரும் சகோதரிகள் போல ஒன்றாகப் பூசை கண்டு, ஒன்றாக ஏழைகளைச் சந்தித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் இப்படிச் சென்றது. அந்த அம்மாள் நோயில் விழுந்தபோது, 1835-ல் அவள் மரிக்குமட்டும் பக்கத்திலிருந்து பார்த்தவள் ழான்தான். மரண சாசனத்தில் இவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமானும் 600 பிராங்கும். ஒருவரை இறுதிவரை பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பின்னாளில் சபை ஸ்தாபித்த இந்த அம்மாள் ஒரு வீட்டின் படுக்கையறையில்தான் படித்தாள். இதை நாம் மறக்கலாகாது.

அதன்பின் எழுபது வயது கடந்த பிரான்சுவாஸ் ஓபேர் என்ற கிழவியோடு சேர்ந்து ஒரு சின்ன வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தாள். பதினேழு வயதுள்ள விர்ஜினி என்ற அனாதைப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். கிழவி வீட்டிலிருந்து நூல் நூற்க, மற்ற இருவரும் வெளியே துவைத்தல், தைத்தல் முதலிய வேலைக்குப் போவார்கள். மூன்று பேர், மூன்று தலைமுறை. இரத்த உறவு ஒன்றுமில்லை.

1839-ம் வருஷத்துக் குளிர்காலம். ழானுக்கு அப்போது 47 வயது. ஏறக்குறைய என் வயது. ஆன் ஷோவேன் என்ற விதவை, கண் தெரியாதவள், பாதி உடம்பு வாதத்தில் விழுந்தவள், கவனிப்பாரற்றுக் கிடக்கிறாள் என்று இவளுக்குத் தெரியவந்தது. அதுவரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கூடப்பிறந்த சகோதரி. அந்தச் சகோதரியும் நோயாய் விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டாள். அவ்வளவுதான், குருடியான கிழவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. ழான் தன் வீட்டார் இருவரிடமும் சம்மதம் கேட்டாள். அவர்கள் சரி என்றதும், கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்து குறுகலான படிகளில் ஏறித் தன் கட்டிலிலே படுக்கவைத்தாள். தான் மேலே கூரையடிப் பரணில் போய்ப் படுத்தாள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அந்தக் கிழவி தெருவில் விடப்பட்டதற்குக் காரணம் பிள்ளைகளின் கல்நெஞ்சு என்று நாம் எதிர்பார்ப்போம். பிரசங்கத்தில் அப்படிச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அங்கே நடந்தது வேறு. பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள், ஒருத்திதான் இருந்தாள். அவள் விழுந்தபோது இரண்டு பேரும் விழுந்தார்கள். நம்முடைய பங்கிலும் எத்தனை வீடுகள் இப்படி ஒற்றைத் தூணின் மேல் நிற்கின்றன! மாத முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நான் தேவநற்கருணை கொண்டுபோகிறேன். கட்டிலில் இருக்கிறவரிடம் சுகம் விசாரிக்கிறேன், பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன், ஆசீர் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறேன். மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, வெள்ளைத் துணி விரித்து, வாசலில் நிற்கிற மகளோ மருமகளோ ஞாயிறு பூசை கண்டு எத்தனை மாதமாயிற்று என்று நான் கேட்டதில்லை. இந்தச் சரித்திரத்தை வாசித்தபோது அது எனக்கு உறைத்தது.

இரண்டாவதாக வந்தவள் இசபெல் என்ற பழைய வேலைக்காரி. இவளுடைய கதை இன்னும் துயரமானது. எஜமானர்கள் செல்வமிழந்து வறுமைப்பட்டபோது இவள் அவர்களைக் கைவிடவில்லை. தன் சேமிப்பையெல்லாம் அவர்களுக்கே செலவிட்டாள். அதுவும் தீர்ந்தபின் பிச்சையெடுத்து அவர்களைக் காப்பாற்றினாள். அவர்கள் மரித்தபோது இவளுக்கு வயதும் போய்விட்டது, கைப்பொருளும் இல்லை. இவளுக்கு இளம்பெண் விர்ஜினி தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு ழானோடு பரணுக்குப் போனாள். ஆக, அந்த வீட்டில் முதன்முதல் இடம் பெற்ற இருவரில் ஒருத்தி தன்னைப் பராமரித்தவளை இழந்தவள். மற்றவளோ பிறரைப் பராமரித்தே தேய்ந்துபோனவள்.

மரீ ஜாமே முதலிய வேறு இளம்பெண்களும் உதவிக்கு வந்தார்கள். 1841-ல் முன்பு சாராயக்கடையாயிருந்த ஒரு பெரிய கூடத்தை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு கிழவிகள் குடியேறினார்கள். உழைக்கக்கூடியவர்கள் நூல் நூற்றார்கள். ஆனாலும் கூலியும் நூலும் இத்தனை வாய்களுக்குப் போதவில்லை. கிழவிகளில் பலர் முன்பு வீடு வீடாகப் பிச்சையெடுத்தவர்கள். திரும்பவும் போகிறோம் என்றார்கள். சிலருக்குக் குடிப் பழக்கமும் உண்டு, தெருவுக்குப் போனால் பழைய வழிக்குத் திரும்புவார்கள் என்று ழான் பயந்தாள். அச்சமயம் அர்ச். தேவ அருளப்பர் சபையைச் சேர்ந்த ஒரு துறவற சகோதரர், அவர்களுக்குப் பதிலாக நீ போ என்று தைரியஞ்சொல்லி, கையில் ஒரு கூடையையும் கொடுத்தனுப்பினார்.

கான்கால் ஊரார் ரோஷக்காரர்கள். பிச்சை கேட்பது அவர்களுக்கு மரணத்துக்குச் சமானம். இவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆயினும் புறப்பட்டாள். ஒவ்வொரு கிழவியிடமும், எந்தெந்த வீட்டில் உனக்குத் தர்மம் கொடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தந்த வீட்டுக்கே போய் நின்றாள். அவள் இனி வரமாட்டாள், அவளுக்காக நான் வந்திருக்கிறேன், முன்போலவே கொடுங்கள் என்பதே அவள் விண்ணப்பம். மீந்த ரொட்டி, பழந்துணி, கம்பளி, விறகு, சில்லறைக் காசு, எது கிடைத்தாலும் கூடைக்குள் போகும்.

இதன் விவேகத்தைக் கவனியுங்கள். ஊரார் முன்னிலும் அதிகமாக ஒன்றும் கொடுக்கவில்லை, தொடக்கத்தில். கொடுத்த அதே ரொட்டித் துண்டுதான். ஆனால் முன்பு மழையில் நடுங்கிக்கொண்டு வாசலில் வாங்கியவள் இப்போது கணப்பருகில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நடப்பதற்கு நல்ல கால்கள் உள்ளவள் நடந்தாள். அதோடு, ஊரிலுள்ள ஒவ்வொரு வீடும் அந்தக் கூடத்துக்குப் பங்காளியாயிற்று. எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்றும் எண்ணவேண்டாம். ஒருவன் கன்னத்தில் அறைந்தானாம். அது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடும் என்று அமைதியாகக் கேட்டாளாம். பணமிருந்தும் கைவராத ஒரு முதியவர் ஒருநாள் கொடுத்தார். மறுநாளும் இவள் வந்து நிற்கக் கண்டு கோபித்தார். நேற்றுப் பசித்தவர்களுக்கு இன்றும் பசிக்கிறது, நாளைக்கும் பசிக்கும் என்று இவள் புன்முறுவலோடு விளக்கினாள். அவர் அதன்பின் தவறாமல் கொடுக்கலானார்.

1842-ல் பழைய கன்னிமடம் ஒன்றை வாங்கினார்கள். அவ்வருஷம் மே மாதம் 29-ந் தேதி ஒரு சங்கமாகக் கூடி ழானைத் தாயாராகத் தெரிந்தெடுத்தார்கள். வயதான மாலுமி ஒருவர் முதலாக ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1844-ம் வருஷ முடிவில் 65 வயோதிகர் அங்கே இருந்தார்கள். ஊர்ப் பெரியோர் கையொப்பமிட்டு எழுதிய விண்ணப்பத்தின்பேரில், 1845 டிசம்பரில் பிரெஞ்சுக் கழகத்தார் 3000 பிராங்கு பரிசளித்தார்கள். பாரிஸ் பட்டணத்தில் அவளைப் புகழ்ந்து பேசிய பேச்சு அச்சாகி வந்தது. ழான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு புதிய ஊர்களில் தர்மம் கேட்கப் போனாள்! ரென், தினான், தூர், ஆன்ஷே என்று வீடுகள் பெருகின. ஆன்ஷேயில் வெண்ணெய் இல்லாமற்போக, அர்ச். சூசையப்பர் சுரூபத்தின் பாதத்தில் காலிச் சட்டிகளை வைத்துவிட்டு வேண்டிக்கொண்ட கதையை அச்சபையார் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

இனிச் சொல்லவேண்டியது ஒரு குருவானவனாகிய எனக்குச் சொல்ல வெட்கமானது. சங்கத்துக்கு ஆத்தும வழிகாட்டியாயிருந்தவர் லெ பாய்யெர் என்ற இளம் உதவிக் குரு. 1843-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி கன்னியர் ழானை மறுபடியும் தாயாராகத் தெரிந்துகொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அவர் தம் சொந்த எண்ணப்படி அத்தேர்தலைத் தள்ளி, 23 வயதுள்ள மரீ ஜாமேயை அந்த ஸ்தானத்தில் வைத்தார். ழான் எதிர்த்துப் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். 1852-ல் அவர் அந்தக் கூடையையும் வாங்கிவிட்டார். இனி வெளியே போகவேண்டாம், உபகாரிகளோடு தொடர்பு வேண்டாம் என்று தாய்மடத்துக்கு வரவழைத்தார். அங்கும், 1856 முதல் சேன் பேர்ன் ஊரில் சபையார் வாங்கிய இடத்திலுமாக, அவள் நவசந்நியாசிகளின் நடுவே 27 வருஷம் வாழ்ந்தாள். சிலுவையின் மரியம்மாள் என்பது அவளுடைய சபைப் பெயர். சபையை ஸ்தாபித்தவர் லெ பாய்யெர் சுவாமியார், முதல் கன்னிகை மரீ ஜாமே என்றுதான் இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பக்கத்தில் பின்னலூசியோடு உட்கார்ந்திருந்த கிழவி யாரென்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஒருமுறை மட்டும் அவளை ஆலோசனைக்கு அழைத்தார்கள். நிரந்தர வருமானமுள்ள சொத்துக்களைச் சபை ஏற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வி 1865-ல் எழுந்தது. வேண்டாம், தினந்தோறும் ஜனங்கள் கொடுப்பதைக் கொண்டே நடத்துவோம் என்பது அவள் கருத்து. அப்படியே தீர்மானமாயிற்று. இதைப் பலர் வெறும் தரித்திர விரதமாக எண்ணுகிறார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. வட்டிப் பணம் வந்துவிட்டால் ஊராருக்கு அந்த வீட்டின் வாசலை மிதிக்கவேண்டிய அவசியம் இராது. கிழவர்களுக்குச் சோறு கிடைக்கும், ஊர் போய்விடும்.

கடைசிக் காலத்தில் அவளுக்கும் ஏறக்குறையப் பார்வை போயிற்று. குருடியைத் தூக்கிவந்தவளை இப்போது இளம் கன்னியர் கைபிடித்து நடத்தினார்கள். 1879 மார்ச்சு மாதத்தில் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். அவ்வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி, 86-ம் வயதில், ழான் சமாதானமாய் மரித்தாள். அப்போது சபையில் சுமார் 2400 கன்னியர் இருந்தார்கள். 1890-ல் லெ பாய்யெர் சுவாமியார் ரோமைக்கு வரவழைக்கப்பட்டு அதிகாரத்தை இழந்தார். உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தது. 1982-ல் 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவளுக்கு முத்திப்பேறு பட்டமும், 2009 அக்டோபர் 11-ந் தேதி 16-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். அச்சபையின் கன்னியர் கற்பு, தரித்திரம், கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, விருந்தோம்பல் என்னும் நாலாவது வார்த்தைப்பாடும் கொடுக்கிறார்கள்.

திருநாளன்று காலைப் பூசை, வீட்டில் முதியோரைப் பராமரிக்கிறவர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்படும். கட்டிலருகே வேறொருவர் உட்கார்ந்தால்தான் பூசைக்கு வரமுடியும் என்கிறவர்கள் தங்கள் வீட்டு விலாசத்தை உபதேசியாரிடம் கொடுத்துவைக்கவும். அன்றைக்கும், அதன்பின் ஞாயிறுதோறும், ஒரு மணி நேரம் போய் உட்காரக்கூடியவர்களும் தங்கள் பெயரை அவரிடமே கொடுக்கவும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடுகளைப் பிரித்துக்கொள்ளுவார்கள். முதல் வெள்ளிக்கிழமை நான் வரும்போது வாசலில் நிற்கிறவர்களிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்