மீட்டத் தெரியாத மேதை

அண்மையில் இரு மின் கிற்றார்களை அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாசித்தவர் ஒருவரே, மீட்டிய சுரமும் ஒன்றே. ஆயினும், ஒன்றின் நாதம் வெண்கல மணிபோலத் தெறித்தது. மற்றதன் நாதம் தேன்போலக் கனத்து ஒழுகியது. காரணம் யாதென ஆராயப் புகுந்த என்னை, அவ்வினா லியோ பெண்டர் என்பாரின் வாழ்க்கையிற் கொண்டுபோய் நிறுத்தியது.

1909ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில், தோடந்தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். எட்டு வயதில் ஒரு கண்ணை இழந்தார். கணக்காளராயிருந்த வேலையைப் பொருளாதார மந்தம் பறித்தது. 1938இல் புல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி திருத்தும் கடையொன்றைத் தொடங்கினார். அங்கு வந்த இசைவாணர்களின் குறைகளைச் செவிமடுத்தார். உள்ளீடற்ற கிற்றாரின் ஒலியை மிகப் பெருக்கினால், அவ்வொலியே அதன் உடலைத் திரும்ப அதிரச்செய்து ஊளையிடும். திண்ணிய மரத்தாலான கிற்றாரை அவர் 1950இல் விற்பனைக்கு விட்டார். பின்னர் 'டெலிகாஸ்டர்' எனப் பெயர் பெற்றது அதுவே. 1954இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வந்தது.

மின் கிற்றாரின் செவி காந்தமாகும். அதனைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் உண்டு. உருக்குத் தந்தி அதிர, சுருளில் மின்னோட்டம் பிறக்கும். குதிரையருகே தந்தியின் வீச்சுச் சிறிது. அங்கே காந்தம் இருப்பின் உபசுரங்கள் மேலோங்கிக் கூர்மை மிகும். கழுத்தருகே இருப்பின் அடிச்சுரம் ஓங்கி நாதம் கனக்கும். பெண்டரின் அக்கருவிகளில் ஒற்றைச் சுருள். தெளிவுண்டு, மின் இரைச்சலும் உண்டு. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஆக்கிய இரட்டைச் சுருள் அவ்விரைச்சலைத் தணித்தது. கூர்மையையும் சற்றுக் குறைத்தது. நான் கேட்ட இரண்டாவது கிற்றார் அவ்வினத்ததே.

இத்துணை செய்த பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது! செய்த கருவியை இசைவாணர் கையிற் கொடுப்பார். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துவார். 1965இல், உடல்நலங் குன்றிய நிலையில், நிறுவனத்தை 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு விற்றார். நலம் பெற்றதும் மீண்டும் பட்டறை புகுந்தார். 1991இல் மறையும்வரை கருவி செய்வதை அவர் விடவில்லை.

சங்கீதம் பயிலாதவன் என்ற கூச்சம் எனக்கு நெடுநாளாக உண்டு. பெண்டரின் வரலாற்றை அறிந்தபின் அது சற்றுக் குறைந்தது. ஆனால், பிறர் சொல்லை அவரைப்போல் பொறுமையுடன் நான் என்றேனும் கேட்டதுண்டா என்ற வினா அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.